வரி 212, குறிப்பு

மேலே நாலு வரி நாடகம்.
கீழே பக்கம் முழுக்க எறும்புச் சாரை.
ஒரு வேலைக்காரி விளக்கோடு உள்ளே வந்தால் போதும்,
அது மெழுகா மாட்டுக்கொழுப்பா,
அன்றைக்கு என்ன விலைக்கு விற்றது,
முதல் அச்சில் வலப்பக்கமாக வந்தவள்
இரண்டாம் அச்சில் ஏன் வரவேயில்லை
என்று துருவாமல் விடமாட்டார் பதிப்பாசிரியர்.
நாற்பது வருஷ உழைப்பாம், முன்னுரை சொல்கிறது.
நன்றியுரையில் மனைவி பெயர் கடைசியில்.

நான் கௌரவ விரிவுரையாளன்.
கௌரவம் மாதாமாதம் வந்துவிடுகிறது.
சம்பளம் ஆவணிக்குப் பிறகு வரவில்லை.
பாளையங்கோட்டையில்
வாகைக் கிளை ஜன்னலுக்குள் நீட்டியிருக்கும் வகுப்பில்
இரண்டாமாண்டு இளங்கலைக்கு
வாரம் மூன்று மணி நேரம் சிரிப்புப் பாடம்.
'இந்த இடத்தில் லண்டன் சிரித்தது' என்பேன்.
எழுதிக்கொள்வார்கள்.
ஐந்து மதிப்பெண் வினா.

நூலகப் பிரதி. முதுகு பிரிந்து
சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டியது.
கடைசி முத்திரை எண்பத்திரண்டு,
ஐப்பசி ஈரத்தில் ஊறிய ஊதா.
எனக்கு முன்னால் யாரோ ஒருவர்
பென்சிலோடு கூடவே நடந்திருக்கிறார். பெயர் இல்லை.

பதிப்பாசிரியர்: 'இங்கே இரட்டை அர்த்தம் உண்டு.'
பென்சில்: 'மூணு.'
பதிப்பாசிரியர்: 'கர்னல் இவ்விடத்தில் பொய்முடியைக் கழற்றுவது மேடை மரபு.'
பென்சில்: 'எங்க அத்தானும் அப்படித்தான்.'
கிரேக்கம் லத்தீன் எல்லாவற்றையும் சாட்சிக்குக் கூட்டிவந்து
ஒன்றரைப் பக்கத்துக்கு
விதவையின் ஒரு கிண்டலை அவர் விளக்கி முடித்ததும்
ஓரத்தில் ஒரே சொல்:
'வெளங்கிரும்.'

மூன்றாம் அங்கம், இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.
வேலைக்காரி விளக்கைக் கிழவர் முகத்துக்கு நேரே பிடித்து
ஒரு சொல் சொல்கிறாள்.
அதன் தோளில் சின்னதாய்க் குத்துவாள் குறி.
கீழே நாற்பது வருஷம் கைகட்டி நிற்கிறது:
'பொருள் தெரியவில்லை. எந்த அகராதியிலும் இல்லை.
அச்சுக்கோத்தவரின் பிழையாகலாம்.'
பென்சில், தாள் குழிய அழுத்தி:
'எனக்குத் தெரியும்.'

என்னவென்று எழுதவில்லை.
அதற்கப்புறம் புத்தகத்தில் பென்சிலே இல்லை.
கடைசி அட்டைவரை புரட்டினேன்.
வீரவநல்லூருக்கு ஒரு பஸ் டிக்கெட், அவ்வளவுதான்.

புதன்கிழமை அந்த வரி வந்தது.
தேர்வுக்கு வராது, தாண்டிவிடத்தான் இருந்தேன்.
வாய் நிற்கவில்லை,
தெரிந்த சொல் மாதிரியே வாசித்துவிட்டேன்.
மூன்றாம் பெஞ்சில் பேராச்சி,
முக்கூடலிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவள்,
வருகைப் பதிவுக்கு மட்டும் வாய் திறக்கிறவள்,
சிரித்தாள்.
புரையேறின மாதிரி மூக்கு வழியாக,
டெஸ்க்கில் கவிழ்ந்து, தோள் குலுங்க.

'என்னம்மா?'
'ஒண்ணுமில்ல சார்.'
'சொல்லேன், எனக்கே தெரியாது.'
'ஐயோ, சொல்லக் கூடாது சார்.'
பக்கத்திலிருந்த சொர்ணலதா காதைக் கொடுத்தாள்,
அவளும் போனாள்.
அப்புறம் அந்த பெஞ்சு, அதற்குப் பின் பெஞ்சு.
பையன்கள் பக்கம் முழித்தது. நானும்தான்.

அந்தப் பென்சிலை ஆண் என்று
எதை வைத்து நினைத்தேன் இத்தனை நாளும்?

ஆசிரியர் அறையில், ஓடாத மின்விசிறிக்குக் கீழே
யாருடைய பென்சிலையோ எடுத்து
குத்துவாளுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதினேன்:
'பெண்கள் சிரித்தார்கள். புதன், மூன்றாம் மணி.
காரணம் தரப்படவில்லை.'

தாமதக் கட்டணம் நாலு ரூபாய்.
பக்கங்களைத் தட்டிப் பார்த்த நூலகர் ஆறுமுகநயினார்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
'கிறுக்கியிருக்கே சார்' என்றார்.
'ஏற்கெனவே இருந்தது' என்றேன்.